மேஸ்திரியின் புத்தகமும் மார்ஜின் போட்ட குறிப்புகளும்

மேஸ்திரி தன் வாழ்க்கைக் கதையைச் சொல்ல ஆரம்பித்த முதல் நாளே கடையின் டியூப்லைட் உடைந்து விழுந்தது. சண்டையைச் சும்மா வாயால் சொல்லத் தெரியாது அந்த மனுஷனுக்கு. எழுந்து நிற்க வேண்டும், சட்டைக் கையைச் சுருட்டிவிட வேண்டும், அகப்பட்டதைக் கம்பியாக நினைத்துச் சுழற்ற வேண்டும். அன்று அகப்பட்டது குடை. "வந்தான் பாரு ஒருத்தன், விட்டேன் பாரு ஒண்ணு!" என்று அவர் விட்டதில் கண்ணாடித் தூள் பைண்டரின் தலையிலும், பசை தடவிக் காயவைத்திருந்த அட்டைகள் மேலும் கொட்டியது.

"அண்ணா, உட்கார்ந்து சொல்லுங்க. எனக்கு வார்த்தை போதும், ஆக்‌ஷன் வேணாம்" என்றாள் மார்ஜின், கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல்.

"உட்கார்ந்துகிட்டு எவன்டி சண்டை போடுவான்?" என்றார் மேஸ்திரி.

மார்ஜின் அவருடைய கூடப்பிறந்த தங்கை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில், ஜெராக்ஸ், டைப்பிங், பைண்டிங் எல்லாம் சேர்ந்த கடையில் வேலை. முதலாளி எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. கடையை நடத்துவது இவளும் பைண்டரும்தான். தாளின் நாலு பக்கமும் சரியாக இடம் விடாத எதையும் இவள் வாசலைத் தாண்ட விடமாட்டாள். வக்கீல் குமாஸ்தா அவசரத்தில் குதித்தாலும் சரி, காலேஜ் பிள்ளைகள் கண்ணைக் கசக்கினாலும் சரி, "இடது பக்கம் இடிக்குது, இருங்க" என்று திரும்ப உட்கார்ந்துவிடுவாள். அப்படி வந்த பட்டம்தான் மார்ஜின். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று விசாரித்தவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். அவர்களை அவள் வாங்கு வாங்கென்று வாங்கியதில் இப்போது யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்றால் தங்கைக்கு நாக்கு நுனியில். ஒரே வயிற்றில் பிறந்ததுகள், வேறெப்படி இருக்கும்?

அண்ணன் லாரி யார்டில் சுமையாட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். எந்த லாரிக்கு யார் மூட்டை ஏற்றுவது என்பதை அந்த யார்டில் வாயால் முடிவு செய்தவர்கள் குறைவு. மூட்டையைக் குத்தித் தூக்கும் இரும்புக் கொக்கி ஒன்று எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும். அது மூட்டையைக் குத்தியதைவிட ஆளைக் குத்தியதுதான் அதிகம் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கண்ணில் புரை விழுந்து ஆபரேஷன் ஆன பிறகு யார்டுக்குப் போய் சும்மா உட்கார்ந்து வருவதோடு நின்றது. உட்கார்ந்த இடத்தில் பழைய சண்டைகளைச் சொல்லிக்கொண்டிருக்க, கேட்டவர்களில் எவனோ ஒரு புண்ணியவான் "அண்ணே, இதெல்லாம் புத்தகமா வரணும்ணே" என்று கிளப்பிவிட்டான். அதே சமயத்தில் ஒரு பதிப்பகம், உழைப்பாளிகள் தங்கள் கதையை எழுதி அனுப்பலாம் என்று பேப்பரில் விளம்பரம் போட்டது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

பதிப்பகத்திலிருந்து விதிமுறைத் தாளை வரவழைத்தார்கள். அதைப் படித்த அன்று மார்ஜின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவளுக்கென்றே எழுதி அனுப்பியது போல இருந்தது. ஏ-ஃபோர் தாள், ஒரு பக்கம் மட்டும். யூனிகோட் எழுத்து, அளவு பன்னிரண்டு. நாலு பக்கமும் ஓர் அங்குலம். ஒவ்வோர் அத்தியாயமும் புதுப் பக்கத்தில். படம், பூ வேலைப்பாடு, கட்டம், கலர் எதுவும் கூடாது. பைண்டிங் கூடாது, உதிரித் தாளாகவே வர வேண்டும். சமர்ப்பணம் தனிப் பக்கத்தில். விளக்கம் தேவைப்படும் இடங்களில் எண் இட்டு, பக்கத்தின் கீழே சிறிய எழுத்தில் அடிக்குறிப்பு.

"என்னது, என் போட்டோ கூடாதா?" என்று மேஸ்திரி ஆரம்பித்தார். பக்கத்துக்குப் பக்கம் மீசையோடு தன் படம், சுற்றிலும் பார்டர், அடிச்சேன், உதைச்சேன் என்று வருகிற இடமெல்லாம் சிவப்பில் தடித்த எழுத்து என்று அவர் மனசுக்குள் புத்தகத்தை அச்சடித்தே முடித்திருந்தார்.

"கூடாது. போட்டா தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க."

"எவன்டி போடுவான்? பேரைச் சொல்லு, போய் பார்த்துட்டு வரேன்!" மேஜை மேல் ஓங்கிக் குத்தினார். பேனா ஸ்டாண்டு எகிறிக் கீழே போயிற்று.

"பதிப்பாளர் போடுவார். போய்ப் பாருங்க. அப்புறம் புத்தகம் வராது."

மேஸ்திரி வாயை மூடிக்கொண்டார். மார்ஜின் தன் கண்ணையே நம்பவில்லை. போலீஸ், கட்சிக்காரன், பெற்ற அப்பன் என்று எவனுக்கும் அடங்காத மனுஷன், கண்ணால் பார்த்திராத ஒரு பதிப்பாளருக்கு அடங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவள் கையில் ஓர் ஆயுதம் கிடைத்த மாதிரி. "பதிப்பாளர் விதி" என்றால் போதும், சிவப்பு எழுத்து போயிற்று, பார்டர் போயிற்று, ஒரே வரியில் வரிசை கட்டி நின்ற பதினைந்து ஆச்சரியக்குறிகளும் போயின.

முதலில் சமர்ப்பணத்தைச் சொன்னார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மேலே பார்த்தபடி: "என் வீட்டில் ஒரு நாளும் கண் கலங்காமல் ராணியாக வாழும் என் மனைவிக்கு." மார்ஜின் அதைப் பக்கத்தின் நடுவில் நிறுத்தினாள். கொஞ்சம் மேலே ஏற்றினாள், எழுத்தைச் சரித்துப் பார்த்தாள், திரும்ப நிமிர்த்தினாள். அந்த ஒரு வரிக்காக நிறைய நேரம் செலவழித்தாள். பைண்டர் வந்து பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா உட்கார்ந்திருக்குக்கா" என்றார்.

அப்புறம் சண்டைகள். மத்தியானத்தில் கூட்டம் குறைந்ததும் அண்ணன் வந்துவிடுவார். யார்டில் ஒருவனைத் தராசுக் கொக்கியில் தொங்கவிட்டது, ஒரு டிரைவரின் பல்லை அவன் கையிலேயே எடுத்துக் கொடுத்தது, போட்டி மேஸ்திரியின் முதுகைக் கொக்கியால் கழுத்திலிருந்து இடுப்புவரை கோடு இழுத்தது என்று ஒன்றன்பின் ஒன்றாக ரத்தம் கொட்டிக்கொண்டே போகும். மார்ஜின் எல்லாவற்றையும் பத்தி பிரித்து, முதல் வரியை உள்ளே தள்ளி, இரண்டு ஓரமும் சீராக வரும்படி அடித்தாள். எத்தனை கோரமும் அவள் கையில் ஓர் அங்குல இடத்துக்குள் அடங்கி நின்றது. ஒரு விஷயத்தில்தான் தகராறு வரும். எதிரிகளின் எண்ணிக்கை ஒரு நாள் இருந்த மாதிரி மறுநாள் இருக்காது.

"நேத்து ஏழு பேருன்னு சொன்னீங்க. இன்னிக்குப் பத்துங்கறீங்க."

"இன்னிக்கு மூணு பேர் சேர்ந்துட்டானுங்க. அடி!"

பைண்டர் சிரிப்பை அடக்க மாட்டாமல் பசை டப்பாவோடு வெளியே போய்விடுவார். மார்ஜினும் சிரித்துக்கொண்டுதான் திருத்தினாள். எவனோ யார்டுக்காரன்கள், எத்தனை பேர் வந்தால் அவளுக்கென்ன?

அந்த அத்தியாயம் வரும்வரை அப்படித்தான் இருந்தது.

"அடுத்தது, கம்பம் ஏறுறவன் கதை" என்றார் மேஸ்திரி ஒரு நாள், டீயை உறிஞ்சிக்கொண்டே. சொல்லிவிட்டு அவளைப் பார்க்கவில்லை. நேராகச் சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். லைன்மேன் வேஷத்தில் ஒரு திருடன். வீடு வீடாக நோட்டம் பார்க்கிறவன். ஒரு சாயங்காலம் பத்து பேரைக் கூட்டிக்கொண்டு, கத்தியோடு, மேஸ்திரியின் வீட்டில் புகுந்து தங்கையின் கழுத்துச் சங்கிலியைப் பறிக்கப் பார்த்தான். மேஸ்திரி தனி ஆளாக நின்று பத்து பேரையும் அடித்து விரட்டி, திருடனின் முட்டியைப் பெயர்த்தார். தங்கை காலில் விழுந்து நன்றி சொன்னாள்.

மார்ஜினின் விரல்கள் நிற்கவில்லை. பழக்கப்பட்ட விரல்கள் அவை, காதில் விழுவதை அடித்துக்கொண்டே போயின.

அண்ணன் திருடன் என்றவர் மின்வாரியத்தில் லைன்மேன்தான், வேஷமில்லை. கடைக்கு எதிரே இருக்கிற கம்பத்தில் ஏறும்போதெல்லாம் இடுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, "மேலேருந்து பார்த்தா உங்க மேஜை மட்டும்தாங்க இந்தத் தெருவுலயே நேரா இருக்கு" என்பார். இரண்டு வருஷம் பேசிப் பழகி, பெண் கேட்க ஒரு சாயங்காலம் தனியாக வீட்டுக்கு வந்தார். டூட்டியிலிருந்து நேராக. கையில் சாப்பாட்டுப் பை, இடுப்பில் டார்ச். அண்ணனும் யார்டு ஆட்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திவிட்டு அடித்தார்கள். கொக்கியை முட்டிக்குள் விட்டு அண்ணன் திருகினபோது வந்த சத்தம் அவளுக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தலில் அவளுக்கு ஒரு வாரம் குரலே இல்லை. பை கவிழ்ந்து, சோறு தரையெல்லாம் ரத்தத்தில் கிடந்தது. அதற்குப் பிறகு அவர் கம்பம் ஏறவில்லை. ஆபீசில் உட்கார வைத்தார்கள், உடம்பு தேறவில்லை, அக்கா வீட்டோடு போய்ச் சேர்ந்து, சில வருஷத்தில் போயே போய்விட்டார். செத்த மனுஷன். புத்தகத்தில் திருடன் என்று அச்சாகி வந்தால் எழுந்து வந்தா மறுக்கப் போகிறார்? நூறு வருஷம் கழித்து எவன் எடுத்துப் படித்தாலும் திருடன் திருடன்தான்.

"அண்ணா," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "பத்து பேரா வந்தாங்க?"

"ஆமா."

"ஒருத்தர் வந்தார். நீங்கதான் மூணு பேர்."

மேஸ்திரி எழுந்து வந்து விட்ட அறையில் மார்ஜின் நாற்காலியோடு சாய்ந்து பிரிண்டர் மேல் விழுந்தாள். கீழுதடு பல்லில் கிழிந்தது. பைண்டர் ஓடி வந்தார்.

"நான் சொல்றதை அடிக்கிறதுதான் உன் வேலை," என்றார் மேஸ்திரி, மூச்சுக்கூட வாங்காமல். "என் புத்தகம். என் கதை. வாயைத் திறந்தே, கையை ஒடிச்சுடுவேன்." டீயின் மிச்சத்தைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார்.

"இந்த எழவே வேணாம்க்கா. அழிச்சுத் தொலைங்க" என்றார் பைண்டர், பஞ்சை நீட்டியபடி.

அழிக்கலாம்தான். அழித்தால் அந்த ஆள் வேறு கடையில் உட்கார்ந்து திரும்பவும் சொல்லுவார். அப்போது இருபது பேர் வருவார்கள். மார்ஜின் உதட்டில் பஞ்சை அழுத்திக்கொண்டு திரைக்குத் திரும்பினாள். அண்ணன் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. திருடன் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் கர்சரை வைத்தாள். அடிக்குறிப்பு என்று சொடுக்கினாள். சின்னதாக ஒன்று என்ற எண் வந்து உட்கார்ந்தது. பக்கத்தின் அடியில் ஒரு கோடு விழுந்து, கோட்டுக்குக் கீழே இடம் காத்திருந்தது. அடித்தாள்:

"இவர் மின்வாரிய லைன்மேன். திருடன் அல்ல. அன்று இவர் ஒருவரே வந்தார், பெண் கேட்க. இவரிடம் சாப்பாட்டுப் பையும் டார்ச்சும் மட்டும் இருந்தன. கதவைச் சாத்திக்கொண்டு அடித்தவர்கள் மூன்று பேர். முட்டியை உடைத்தது இந்நூலின் ஆசிரியர். தங்கை யார் காலிலும் விழவில்லை. – தட்டச்சு செய்தவர்."

அதோடு விட்டாளா என்றால், இல்லை. கை வந்துவிட்டது அல்லவா! முதல் அத்தியாயத்திலிருந்து திரும்ப வந்து, பத்து பேர் என்ற இடத்திலெல்லாம் "நேற்றுச் சொன்னபோது ஏழு" என்று போட்டாள். போடும்போது அவளுக்கே சிரிப்பு வந்து, கிழிந்த உதடு இன்னும் கொஞ்சம் விரிந்தது.

ஒளித்து வைக்கிற புத்தியெல்லாம் அவளுக்குக் கிடையாது. விதிப்படி அச்செடுத்து அண்ணன் கையிலேயே கொடுத்தாள். கண் சரியில்லாத மனுஷன், தாளை மூக்கருகே கொண்டுபோய், "கீழ என்னமோ எறும்பு ஊர்ற மாதிரி இருக்கே?" என்றார்.

"அடிக்குறிப்பு. விளக்கம் வேணுங்கற இடத்துல போடணும். பதிப்பாளர் விதி. படிச்சுப் பாருங்க."

"பெரிய பெரிய புத்தகத்துல எல்லாம் இருக்குமே, அதா?"

"அதேதான். படிங்க அண்ணா."

"நீ போட்டா சரியாத்தான் இருக்கும்" என்றார் மேஸ்திரி. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. தன் புத்தகத்திலும் அடிக்குறிப்பு! "கீழே கையெழுத்திட்ட ஆசிரியராகிய நான் அடிக்குறிப்புகள் உட்பட எல்லாப் பக்கங்களையும் ஏற்கிறேன்" என்று பதிப்பகம் அனுப்பியிருந்த உறுதிமொழித் தாளில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். கசங்கிவிடக் கூடாதென்று அதைத் தன் பீரோவில் வைக்க வீட்டுக்கு எடுத்துப் போனார். அச்செடுத்த கட்டையும் விடவில்லை. யார்டில் நாலு பேருக்குக் காட்ட வேண்டாமா?

மறுநாள் காட்டினார். பார்த்தால் போதாது, வாசித்துக் கேட்க வேண்டும் என்று ஆசை. லாரி புக்கிங் கிளார்க்கை டிரம் மேல் உட்காரவைத்து, "கம்பம் ஏறுறவன் கதையைப் படி" என்றார். அந்தக் கிளார்க் சரக்குச் சீட்டில் ஒரு புள்ளியைக்கூட விடாமல் வாசிக்கிறவன். மேலே வாசித்தான். எண் வந்தது. எண்ணைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி அதையும் வாசித்தான். யார்டில் அன்று மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அன்றைக்கு அந்தக் கதவுக்குள் இருந்த மூன்று பேரில் ஒருவன் அங்கேதான் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அவன் மெல்ல எழுந்து லாரிக்குப் பின்னால் போய்விட்டான். எங்கிருந்தோ ஒரு குரல், "நேத்து ஏழாமேண்ணே!" என்றது. சிரிப்பு வெடித்தது.

மேஸ்திரி வந்தபோது மார்ஜின் ஒரு மனுவுக்கு ஓரம் சரி பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார். ஒரு கையில் கொக்கி, ஒரு கையில் தாள் கட்டு.

"எவடி தட்டச்சு செய்தவர்?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கொக்கி மானிட்டருக்குள் இறங்கியது. திரை பொறி பறந்து அணைந்தது. வயரோடு அதை இழுத்துத் தெருவில் வீசினார். தாள் கட்டைப் பல்லால் கடித்து இழுத்துக் கிழித்தார். கிழிந்தது கிழிய, மீதியை அவள் வாயில் திணித்தார். முடியைக் கொத்தாகப் பிடித்து அவள் தலையை மேஜையில் மோதினார். ஒரு முறை, இன்னொரு முறை. நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. "தின்னு! உன் குறிப்பைத் தின்னுடி!" என்று கண் மண் தெரியாமல் கத்தினார். பைண்டர் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். கொக்கி திரும்பி அவர் முழங்கையில் ஏறி, தோலோடு கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பைண்டர் "அய்யோ" என்றுகூடச் சொல்லாமல் சுவரில் சரிந்தார்.

மார்ஜினின் கை மேஜையைத் தடவியது. அகப்பட்டது நீளக்கை ஸ்டாப்ளர். தடிப் புத்தகத்தின் நடுவில் முள் அடிக்கிற இரும்புச் சாமான், கனமான சாமான். இரண்டு கையாலும் தூக்கி அண்ணனின் மணிக்கட்டில் போட்டாள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். கொக்கி தரையில் விழுந்து உருண்டது. திரும்பவும் ஓங்கி முட்டியில் போட்டாள். மேஸ்திரி அப்படியே மடங்கி, கிழிந்த தாள்கள் மேல் உட்கார்ந்தார். வாய் திறந்தபடி இருந்தது. மூஞ்சியில் ஈயாடவில்லை.

மார்ஜின் வாயில் இருந்த காகிதத்தைத் துப்பினாள். மூச்சு இரைத்தது. ஆனால் பயம் மட்டும் எங்கே தேடியும் இல்லை.

"போய்ச் சொல்லுங்க," என்றாள். "பத்து பேர் வந்து அடிச்சாங்கன்னு சொல்லுங்க. அதையும் அடிச்சுத் தரேன்."

சந்தே வாசலில் கூடி நின்றது. இரண்டு பேர் பைண்டரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மேஸ்திரி சுவரைப் பிடித்து எழுந்தார்.

"அந்தப் புத்தகம் வெளிய வரக் கூடாது."

"குறிப்போட வரும். இல்லேன்னா வரவே வராது. ஃபைல் என்கிட்டதான் இருக்கு. எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

மேஸ்திரி காலை இழுத்துக்கொண்டு போனார். அன்று ராத்திரி நெற்றியில் தையலோடு மார்ஜின் தன் அறையில் படுத்திருந்தாள். அண்ணன் வீடும் அவள் அறையும் ஒட்டினாற்போல, நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. எப்போதும் கேட்கிற சத்தம்தான். எப்போதும் போலக் கை நீட்டி ரேடியோவைக் கூட்டி வைத்தாள்.

காலையில் கடையைத் திறந்து, பக்கத்துக் கடையில் இரவல் வாங்கிய மானிட்டரை மாட்டிக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கையோடு பைண்டரும் வந்து, ரத்தம் படிந்த தாள்களை ஒற்றைக் கையால் பெருக்கிக்கொண்டிருந்தார். வாசலில் அண்ணி வந்து நின்றாள்.

அண்ணி அந்தக் கடைக்கு வந்ததே இல்லை. முக்காடு மாதிரி போர்த்தியிருந்த துணியை விலக்கினாள். இடது கண் முழுக்க மூடியிருந்தது. கன்னம் கறுத்து வீங்கி, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"ஒரு கைதான் ஒடிஞ்சிருக்கு அவருக்கு," என்றாள் அண்ணி. "இன்னொண்ணு நல்லாத்தான் இருக்கு."

மார்ஜின் ஓடி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். தான் அடித்த அடி எங்கே போய் இறங்கியிருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. "அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க" என்றாள்.

"போலாம், அப்புறமா." அண்ணி பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து, கசங்காமல் மேஜை மேல் வைத்தாள். உறுதிமொழித் தாள். அடியில் மேஸ்திரியின் கையெழுத்து. "பீரோவுல வெச்சிருந்தார். தூங்கும்போது சாவியை எடுத்தேன். இது இருந்தா அனுப்பலாமா?"

"அனுப்பலாம். ஆனா அண்ணி, அவருக்குத் தெரிஞ்சா..."

"தெரியட்டும். இனிமே நான் உன்கூடத்தான் இருக்கப் போறேன்." சொல்லிவிட்டு அண்ணி இரவல் மானிட்டரைப் பார்த்தாள். "நீ கீழ சின்ன எழுத்துல ஏதோ போட்டியாமே. யார்டு பூரா அதே பேச்சாம். உண்மை எதுவோ அதைப் போடலாமாமே?"

"ஆமா அண்ணி."

"என்னைப் பத்தியும் எழுதியிருக்காருன்னு ஆசையா சொல்லிக் காட்டினார் ஒரு நாள். ராணியா வாழறேனாம். ஒரு நாளும் கண் கலங்கலையாம்." அண்ணி தன் மூடிய கண்ணைத் தொட்டுக் காட்டினாள். "அங்க போட்டியா?"

மார்ஜின் அவளைப் பார்க்க முடியாமல் குனிந்தாள். புத்தகம் முழுவதும் பத்து பேரையும் ஏழு பேரையும் எண்ணித் திருத்தியவள் அவள். அந்த ஒரு வரியை நடுவில் நிறுத்த எத்தனை பாடுபட்டாள்! மேலே ஏற்றி, சரித்து, நிமிர்த்தி, இடம் விட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை வருஷமாகப் பாத்திரம் உருண்டது. ஒரு எண் போடத் தோன்றவில்லை.

"இல்லை அண்ணி," என்றாள். "போடலை. விட்டுட்டேன்."

"சரி. இப்போ போடு."

மார்ஜின் சமர்ப்பணப் பக்கத்தைத் திறந்தாள். மனைவிக்கு என்ற சொல்லின் பக்கத்தில் கர்சரை வைத்துச் சொடுக்கினாள். ஒன்று என்ற எண் வந்து உட்கார்ந்தது. பின்னால் இருந்த குறிப்புகளெல்லாம் தாமாகவே ஓர் இடம் தள்ளிப் போயின.

"சொல்லுங்க."

அண்ணி மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். "கல்யாணம் ஆன மூணாம் நாள் இடது காது போச்சு. எழுது. வலது கைச் சுண்டுவிரல் மடங்காது, கதவுல நசுங்கினதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன், கதவு இல்லை. எழுதிட்டியா? ரெண்டு பல்லு கிணத்தடியில. முதல் குழந்தை வயித்துல இருக்கும்போது..." நின்றாள். மறுபடி ஆரம்பித்தாள். அழவில்லை. காய்கறி விலை சொல்கிற குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். பைண்டர் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் வந்த ஆளை அப்புறம் வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

மார்ஜின் அடித்துக்கொண்டே இருந்தாள். கோடு பக்கத்தின் அடியிலிருந்து மேலே மேலே ஏறி வந்தது. மேஸ்திரியின் வரிக்குக் கீழே இருந்த வெள்ளையெல்லாம் நிறைந்தது.

அண்ணி நிறுத்தி, நல்ல கண்ணால் திரையை எட்டிப் பார்த்தாள். "இடம் பத்துமா?"

"பத்தலேன்னா அடுத்த பக்கத்துக்குப் போகும் அண்ணி," என்றாள் மார்ஜின். "நீங்க சொல்லுங்க."